அக்கா மகளுக்குச் 'சைக்கோபதிக் குணங்கள்' என்று அறிக்கை வந்திருக்கிறது. எப்படி எடுத்துக்கொள்வது?

#1 மாலைநிலா

இங்கே முதல் முறை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா இறந்தபோது அவள் மகளுக்கு 4 வயது. அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். இப்போது 15. ஒன்றரை வருடமாக வீட்டில் நிம்மதி இல்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளின் பணமும் போனும் காணாமல் போயின. இரண்டு முறை அவள் பையிலிருந்தே எடுத்தார்கள். இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை, எங்கே இருந்தாள் என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. கடைசியாக ஒரு பிள்ளையைப் படிக்கட்டில் தள்ளிவிட்டாள். மணிக்கட்டு முறிந்து அந்தப் பிள்ளை கதறும்போது இவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: முகத்தில் ஒன்றுமே இல்லை.

விஷயம் சிறார் நீதிமன்றம் வரை போய், அங்கிருந்து மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. 'சைக்கோபதிக் குணங்களுக்கான மதிப்பெண் மிக உயர்வு. மீண்டும் குற்றச்செயலில் ஈடுபடும் வாய்ப்பு அதிகம்.' சைக்கோபதி என்றால் குற்ற உணர்வும் பிறர்மேல் இரக்கமும் இல்லாத குணமாம்.

எனக்கு 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். ராத்திரி அவர்கள் அறைக்கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கிறேன். பூட்டும் சத்தம் அவளுக்கும் கேட்கும் என்று தெரிந்தே பூட்டுகிறேன். இவள் கடைசிவரை இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கானல்

சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கடுமையாகத் தெரியலாம். என் மகள் இப்படி ஒரு பெண்ணிடம் ஒரு வருடம் சிக்கியிருந்தாள். அந்தப் பெண் ஒரு அடி அடித்ததில்லை. ரகசியம் கேட்டு வாங்கி ஊரெல்லாம் பரப்பினாள், தோழிகளை ஒவ்வொருவராகப் பிரித்தாள், பிறகு 'உனக்கு நான் மட்டும்தான்' என்று தானே வந்து கட்டிக்கொண்டாள். ஆசிரியர்களிடம் அவளுக்குத் தங்கமான பிள்ளை என்று பெயர். ஆளுக்கேற்ற முகம். என் மகள் பள்ளியை மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் யாரையும் வீட்டுக்கு அழைத்து வருவதில்லை. அப்படிப்பட்டவர்கள் மாறுவார்கள் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

#3 உளநூல்

மாலைநிலா, நான் உளவியலாளர், வளரிளம் பருவத்தினரோடு 18 வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் பிள்ளையைப் பார்க்காமல் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த இரண்டு வரியைப் பற்றிச் சொல்லலாம்.

'சைக்கோபதி மதிப்பெண்' என்று இன்று நாம் பேசும் அளவுகோல் பெரும்பாலும் கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலிலிருந்து வந்தது. அவர் சிறையில் இருந்த வயதுவந்த ஆண்களைப் பார்த்து அதை வடிவமைத்தார். 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. வழக்கமாக 30 அல்லது அதற்கு மேல் வந்தால் சைக்கோபதி என்பார்கள். 12 முதல் 18 வயதினருக்கான வடிவம் 2003இல் வந்தது. அதை உருவாக்கியவர்களே அதில் 'இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் இவர் சைக்கோபதி' என்று ஒரு கோடு போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. வளரும் பிள்ளைமேல் அந்த முத்திரை விழக்கூடாது என்பதுதான் காரணம்.

அந்தக் கோடு இல்லாத இடத்தில் உங்கள் அறிக்கை ஏதோ ஒரு கோட்டைப் போட்டிருக்கிறது. அதனால் மூன்று கேள்விகள். எந்தக் கருவி? நேர்காணல் நடந்ததா? உங்களிடமோ பள்ளியிலோ யாராவது பேசினார்களா?

இன்னொன்று. 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு (சைக்கோபதிக்கு நெருக்கமான, வயதுவந்தோருக்கான நோயறிதல்) என்று எழுத முடியாது. எழுதக்கூடியது நடத்தைக் கோளாறு, அதாவது பிறர் உரிமையையும் விதிகளையும் திரும்பத் திரும்ப மீறும் போக்கு. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) அதற்கு ஒரு துணைக்குறிப்பைச் சேர்த்தது: பிறர்மேல் அக்கறை காட்டும் உணர்ச்சிகள் குறைவு. குற்ற உணர்வின்மை, பிறர் வலி உறைக்காமை, படிப்பிலோ வேலையிலோ தன் செயல்திறன் பற்றிக் கவலையின்மை, மேலோட்டமான உணர்ச்சி ஆகிய நான்கில் குறைந்தபட்சம் இரண்டு இருக்க வேண்டும். அதுவும் குறைந்தது 12 மாதம், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட உறவுகளில். பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னது மட்டும் போதாது, அவளை நெடுநாள் அறிந்தவர்களிடமும் கேட்க வேண்டும்.

ஏன் இவ்வளவு நிபந்தனை என்றால், நல்ல நிலையில் இருக்கும் எந்த 15 வயதையும் எடுத்துப் பாருங்கள். தன்னைப் பெரிதாக நினைப்பது, சலிப்பு, யோசிக்காமல் இறங்குவது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது, நாளையைப் பற்றி நினைப்பே இல்லாமல் இருப்பது. இவை பட்டியலிலும் இருக்கின்றன, பருவத்திலும் இருக்கின்றன. சீக்ரேவ், கிரிஸ்ஸோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இலேயே இதை எச்சரித்து எழுதினார்கள். வயது ஏறும்போது தானாகக் கழன்றுவிடும் குணத்தை நிரந்தரக் குணமாக எண்ணிவிடும் ஆபத்து.

#4 மாலைநிலா

யாரும் என்னிடம் பேசவில்லை. ஒரு மதியம் அவளைத் தனியாக உட்காரவைத்து 50 வாக்கியம் உள்ள தாளைக் கொடுத்தார்கள். எது பொருந்தும், எது பொருந்தாது என்று குறிக்கச் சொன்னார்கள். அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

#5 உளநூல்

50 வாக்கியம் என்றால், 2002இல் சுவீடனில் ஆன்டர்ஷெட் குழுவினர் உருவாக்கிய சுயமதிப்பீட்டுப் படிவமாக இருக்கலாம். நல்ல கருவிதான், ஆனால் ஆராய்ச்சிக்காகச் செய்தது. பெரிய கூட்டத்தில் போக்கு தெரிந்துகொள்ள உதவும். ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தை அதை வைத்து நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது தவறு. மறுமதிப்பீடு கேளுங்கள். கேட்கும்போது 'நேர்காணல், பள்ளிப் பதிவுகள், குடும்பத்தாருடன் உரையாடல் மூன்றும் வேண்டும்' என்று எழுத்தில் கொடுங்கள்.

#6 தூறல்

மாலைநிலா அக்கா, நான் 14 வயசுல அந்த வார்த்தைய வாங்கினவ. என் ஃபைல்ல 'உணர்ச்சியற்றவள், சூழ்ச்சிக்காரி'னு எழுதியிருந்தாங்க. இப்ப எனக்கு 31.

எனக்கு உணர்ச்சி இல்லாம இல்ல. எங்க வீட்டுல அழுதா இன்னும் ரெண்டு அடி விழும். ஏழு வயசுலயே முகத்த அணைச்சு வைக்கப் பழகிட்டேன், லைட்ட அணைக்கிற மாதிரி. அப்புறம் அது போடவே வரல. ஒருத்தி என் முன்னாடி அழுதா எனக்குள்ள பயம்தான் வரும். ஆனா வெளிய கல்லு மாதிரி நிப்பேன். பொய் சொன்னேன், திருடினேன், என்னவிட பத்து வயசு பெரியவன்கூட ஓடினேன். யாருமே 'உனக்கு என்ன நடந்துச்சு'னு கேக்கல. எல்லாரும் 'நீ என்ன செஞ்ச'னுதான் கேட்டாங்க.

அவளுக்கும் ஏதோ நடந்திருக்கு. தோண்டிப் பாருங்க அக்கா, ப்ளீஸ்.

#7 மாலைநிலா

தூறல், உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். இப்போது நல்லா இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நானும் தோண்டிப் பார்த்துவிட்டேன். அவளிடம் கேட்டேன். ஆலோசகர் தனியாக ஆறு முறை பேசினார். பள்ளியில், உறவில், அக்கம்பக்கத்தில் எல்லாம் விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நடந்ததே இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்து அவள் சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரி. 7 வயது இருக்கும்போது எனக்குக் கையில் கொதிதண்ணீர் கொட்டிவிட்டது. நான் துடிக்கிறேன். இவள் வந்து பார்த்துவிட்டு, 'அப்ப இன்னிக்கு யாரு சமைப்பா சித்தி?' என்று கேட்டாள். கோபமோ பயமோ இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது நடந்திருந்தால் நன்றாக இருக்குமே, காரணமும் வழியும் தெரிந்துவிடுமே என்று ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்று இரவு முழுக்க அழுதேன்.

#8 உளநூல்

அழுததில் தவறில்லை. அந்த நினைப்பு இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் பலருக்கும் வருகிறது, வெளியே சொல்பவர்கள் குறைவு.

தூறல் சொன்னதும் உண்மை, மாலைநிலா சொன்னதும் உண்மையாக இருக்கலாம். 1941லேயே பென் கார்ப்மன் என்ற மனநல மருத்துவர் இரண்டு வகை பிரித்தார். ஒன்று இயல்பிலேயே பயமும் பதற்றமும் குறைவாக இருப்பது. மற்றது பட்ட காயத்தால் உணர்ச்சியை மூடிவைத்துக்கொள்வது. தாளில் இரண்டும் ஒரே மதிப்பெண் வாங்கும். இரண்டாம் வகையில் உள்ளே பதற்றம் கொதிக்கும், தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் உண்டு. சட்டத்தோடு மோதி வரும் பெண்பிள்ளைகளில் வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் ஆளானவர்கள் மிக அதிகம். ஆகவே நான் முதலில் தேடுவதும் தூறல் சொன்னதைத்தான். ஆனால் தேடிக் கிடைக்காதபோது, கிடைத்தே ஆக வேண்டும் என்று பிள்ளையைக் குடையக்கூடாது. நடக்காததை நடந்ததாக அவள் வாயில் நாமே வைத்துவிடுவோம்.

முதல் வகை என்றால் 'பிறவிக் குணம், மாறாது' என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை 7 முதல் 12 வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. தொடர்ந்து ஈரமில்லாத குணம் காட்டிய ஆண்பிள்ளைகளில் மரபின் பங்கு தூக்கலாக இருந்தது. பெண்பிள்ளைகளில், ஒரே வீட்டில் வளர்பவர்கள் பகிர்ந்து வாழும் சூழலின் பங்கு தூக்கலாக இருந்தது. உடனே 'அப்படியானால் என் வளர்ப்புதான் தப்பு' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு அது, ஒரு வீட்டைக் கைகாட்டாது. பெண்பிள்ளைகளில் இந்தக் குணம் சூழலுக்கு வெளியே தனியாக நிற்பதில்லை என்ற அளவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்களைத் தூங்கவிடாத அந்த இரண்டாவது வரி. 'மீண்டும் குற்றம்.' கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் குழுவினர் 2005இல் காவலில் இருந்த பெண்பிள்ளைகளை மட்டும் வைத்து இதைச் சோதித்தார்கள். சைக்கோபதி மதிப்பெண்ணால் அடுத்த குற்றத்தை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அவர்கள் அனுபவித்த வன்முறைதான் அதைச் சுட்டிக்காட்டியது. 2008இல் ஜினா வின்சென்ட் குழுவினர் ஆண், பெண் இரு தரப்பையும் வயதுவரும்வரை தொடர்ந்தார்கள். ஆண்பிள்ளைகளிடம் மதிப்பெண் ஓரளவு சரியாகச் சொன்னது. பெண்பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்த ஆய்வில் பெண்கள் 55 பேர்தான், ஆகவே கடைசி வார்த்தை அதுவல்ல. ஆனால் உங்கள் அறிக்கை எழுதியவர் அவ்வளவு உறுதியாக எழுதுவதற்கு இடமே இல்லை.

#9 தடம்

சட்டத்தோடு மோதிய சிறுமிகளுக்கான இல்லத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். ஆய்வு எல்லாம் உளநூல் சொல்லட்டும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரே காரியத்தைப் பையன் செய்தால் கோப்பில் 'துடுக்கு', 'சேர்க்கை சரியில்லை' என்று எழுதுவார்கள். பெண் செய்தால் 'சூழ்ச்சி', 'நாடகம்', 'பொய்யழுகை'. அழாமல் இருந்தால் 'கல்நெஞ்சு'. அழுதாலும் தப்பு, அழாவிட்டாலும் தப்பு. என் கையாலும் அப்படி எழுதியிருக்கிறேன், இன்று நினைத்தால் வலிக்கிறது.

அடுத்து, அந்த இரண்டு இரவு. என்னிடம் வந்த பெண்களில் பெரும்பாலோரின் கதையில் வயதில் மூத்த ஒரு ஆண் இருந்தான். திருட்டுக்கு அவன், ஓடிப்போக அவன், அடிதடிக்கு அவன். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் 1993இல் சொன்ன ஒரு விஷயத்தை நான் மறப்பதே இல்லை. சீக்கிரம் பருவமடைந்த பெண்பிள்ளைகளிடம் விதிமீறல் கூடியது. ஆனால் இருபாலர் படிக்கும் பள்ளிகளில்தான் அப்படி, பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிகளில் அவ்வளவு இல்லை. உடம்பு ஒன்றேதான், சுற்றி இருப்பவர்கள் வேறு. அதே ஆய்வு, வாழ்நாள் முழுக்கத் தொடரும் குற்றப்போக்கில் பத்து ஆணுக்கு ஒரு பெண்தான் என்றது. பருவத்தோடு வந்து போகும் வகையில் ஒரு பெண்ணுக்கு ஒன்றரை ஆண், அவ்வளவுதான் வித்தியாசம். இவளுக்குத் தொல்லை ஆரம்பித்ததே பதின்மூன்றரை வயதில் என்கிறீர்கள்.

நீதிமன்றம் இல்லத்துக்கு அனுப்பலாம் என்று சொன்னால், முடிந்தவரை போராடுங்கள். தொல்லையில் இருக்கும் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் கூட்டினால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். டிஷியன், மெக்கோர்ட் போன்ற ஆய்வாளர்கள் 1999இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் மாற்று வழி செய்து பார்த்தார்கள். ஒரு பிள்ளை, பயிற்சி பெற்ற ஒரு வளர்ப்புக் குடும்பம், அந்தக் குடும்பத்துக்குத் தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு, நல்லது செய்தால் உடனே புள்ளி. குழு இல்லங்களுக்குப் போன சிறுமிகளைவிட இந்தச் சிறுமிகள் பிறகு காவலில் இருந்த நாட்கள் குறைவு, சிறுவயதுக் கர்ப்பமும் குறைவு.

#10 கானல்

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் எழுதியதில் ஒரு வரியைத் திருத்திக்கொள்கிறேன்: மாறவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை பதிவில் மணிக்கட்டு முறிந்த பிள்ளையைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது? புரிந்துகொள்வதெல்லாம் ஒரு பக்கமே போகிறது. என் மகளைப் பற்றியும் யாரும் அறிக்கை எழுதவில்லை.

#11 தடம்

கானல், நியாயம். இந்த இழையில் யாரும் கேட்காததைக் கேட்டீர்கள்.

உங்கள் மகளுக்கு நடந்ததைப் பள்ளிகள் வெகுகாலம் 'பெண்பிள்ளைகளுக்குள் சகஜம்' என்று தள்ளின. உறவை ஆயுதமாக்கும் வன்முறை என்று அதற்குப் பெயர் வைத்துப் பரவலாக அளக்கத் தொடங்கியதே 1995இல் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் ஆய்வுக்குப் பிறகுதான். எங்கள் பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது. அடித்த பெண்ணுக்கு அவசரமாக முத்திரை குத்துகிறோம். அடிக்காமல் நாசம் செய்யும் பெண்ணைக் கண்டுகொள்வதே இல்லை.

மணிக்கட்டு முறிந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு: ஒரே வகுப்பில், ஒரே படிக்கட்டில் இருவரும் சந்திக்கக்கூடாது. கட்டாயப்படுத்தி வாங்கும் மன்னிப்பு வேண்டாம். உணர்வில்லாத மன்னிப்பு அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது அடி, இந்தப் பிள்ளைக்கு நடிப்புப் பயிற்சி. அதைவிட ஒரு செயலாக இருக்கட்டும். சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை அவளே உழைத்துக் கட்டட்டும்.

#12 மாலைநிலா

கானல், உங்கள் கேள்வி என்னைச் சுட்டது. அந்தப் பிள்ளையின் அம்மாவை நான் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பயமும் வெட்கமும்தான். இந்த வாரம் போகிறேன்.

உளநூல், வீட்டில் நான் என்ன செய்யட்டும்? கதவைப் பூட்டுவது தவறா?

#13 உளநூல்

பயம் இருக்கும்வரை பூட்டுங்கள், ஆனால் அவளிடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். 'எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, வந்ததும் திறந்துவிடுவேன்' என்று. சின்னவர்களோடு அவளைத் தனியே விடாதீர்கள். சேர்ந்து இருக்கும் நேரத்தைக் குறைக்கவும் வேண்டாம்.

'உனக்கு மனசாட்சியே இல்லையா' என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தண்டனை உறைப்பது குறைவு. எவ்வளவு கூட்டினாலும் 'அடுத்த முறை மாட்டக்கூடாது' என்பதைத்தான் கற்றுக்கொள்வார்கள். வெகுமதி உறைக்கும். செய்த சின்ன நல்லதை அந்தக் கணமே, குறிப்பிட்டுச் சொல்லுங்கள். 'நல்ல பொண்ணு' என்ற பொதுப் பாராட்டு வேண்டாம். 'ஏழு மணிக்கு வரேன்னு சொன்ன, வந்துட்ட' என்று சொல்லுங்கள். விதிகள் குறைவாக இருக்கட்டும், இருப்பவை அசையக்கூடாது. விதி மீறினால் விளைவு சிறியதாக, நிச்சயமாக, குரல் உயராமல்.

இன்னொன்று முகம். ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் குழுவினர் 2006இல் இப்படிப்பட்ட சிறுவர்களுக்கு முகப்படங்களைக் காட்டினார்கள். பயந்த முகத்தை அடையாளம் காண அவர்கள் தடுமாறினார்கள். 'கண்ணைப் பாருங்கள்' என்று சொன்னதும் அந்தத் தடுமாற்றம் போனது. அவர்கள் பையன்கள், உங்கள் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கொதிதண்ணீர் நாளில் அவள் உங்கள் கையைப் பார்த்தாளா, முகத்தைப் பார்த்தாளா? 'எனக்கு வலிக்குது, என்னைப் பாரு' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனிமேல் சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகளுக்குப் பிறர் வலியை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

#14 மாலைநிலா (ஏழு வாரம் கழித்து)

மறுமதிப்பீடு முடிந்தது. மூன்று அமர்வு. என்னோடு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வகுப்பாசிரியரிடமும், அவள் நீச்சல் பயிற்சியாளரிடமும் பேசினார்கள். அவள் இரண்டு வருடமாக ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை, தோற்றால் தனியாக இன்னும் அரைமணி நேரம் நீந்துவாள் என்று பயிற்சியாளர் சொன்னாராம். எனக்கே தெரியாது. நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

நடத்தைக் கோளாறு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். துணைக்குறிப்பு போடவில்லை. பிறர் வலி உறைக்காமை வீட்டிலும் பள்ளியிலும் தெளிவாகத் தெரிகிறது, மற்றவை எல்லா இடத்திலும் இல்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார்கள். பதற்றம் குறைவுதான், காயத்தின் அறிகுறி ஏதும் பிடிபடவில்லை. ஆக, தூறல் சொன்ன வகையில்லை போலிருக்கிறது. இயல்பு என்று சொல்லி விட்டுவிடவும் இல்லை. வீட்டோடு சேர்த்து சிகிச்சை தொடங்கியிருக்கிறது. நீதிமன்றம் இல்லத்துக்கு அனுப்பவில்லை.

அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. நியாயம்தான். மாதாமாதம் பணம் போகிறது, அவள் வார இறுதியில் வேலை செய்து பாதி கொடுக்கிறாள். கதவை இன்னும் பூட்டுகிறேன், அவளிடம் சொல்லிவிட்டு.

நேற்று ராத்திரி அவளே வந்து, 'அந்த முதல் ரிப்போர்ட்ல என்னைப் பத்தி என்ன எழுதியிருந்தாங்க?' என்று கேட்டாள். சமாளித்து அனுப்பிவிட்டேன். காட்டலாமா?

#15 உளநூல்

காட்டலாம். சிகிச்சையாளர் இருக்கும்போது, இரண்டு அறிக்கையையும் சேர்த்து. எது எப்படி எழுதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

#16 கானல்

காட்டும்போது படிக்கட்டில் நடந்ததையும் அதே மேசையில் வையுங்கள். அதையும் படிக்கட்டும்.

#17 தூறல்

காட்டுங்க அக்கா. எனக்கு யாரும் காட்டல. 22 வயசுல நானே கேட்டு வாங்கிப் படிச்சேன், தனியா.

#18 மாலைநிலா

வியாழக்கிழமை காட்டுகிறோம். பக்கத்தில் உட்காருகிறேன். அதற்கு முன்னாடி, புதன்கிழமை, நீச்சல் பார்க்கப் போகிறேன். வரட்டுமா என்று அவளிடம் கேட்டேன். 'உங்க இஷ்டம்' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'ஆறரைக்கு ஆரம்பிக்கும்' என்றாள்.